அமெரிக்காவில் அக்கா நின்ற வார்டு

அக்கா தேர்தலில் நிற்கப்போகிறாள் என்று கேள்விப்பட்டபோது என் வாய் நிறைய குண்டூசிகள் இருந்தன. ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ரவிக்கையின் கைப்பக்கத்தைப் பிடித்துக் குத்திக்கொண்டிருந்தேன். போன் தையல் மேசைமேல் ஸ்பீக்கரில் கிடந்தது.

"கவுன்சிலருக்கு நிக்கலாம்னு இருக்கேன்டி," என்றாள் அக்கா.

ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்த பிறகுதான் பேச முடிந்தது. "எங்க? இங்க வந்துடப் போறியா?"

"இங்கதான்டி. இந்த ஊர்ல."

கல்யாணப் பெண் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். "அமெரிக்காவுல கவுன்சிலர்லாம் இருக்காங்களாக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். அந்த நிமிஷம் வரை எனக்கும் அது தெரியாது.

அமெரிக்கத் தேர்தல் என்றால் நாலு வருஷத்துக்கு ஒருமுறை டிவியில் வரும் சிவப்பும் நீலமுமான வரைபடம் என்றுதான் நினைத்திருந்தேன். அது அதிபர் தேர்தல் நடக்கும் வருஷம். எங்கள் பிள்ளையார்பாளையத்தில் அதைப் பற்றிப் பேசாத டீக்கடை கிடையாது. இங்கே நெய்யும் முகூர்த்தப் புடவைகளில் கொஞ்சம் அந்த நாட்டுக்கும் போகிறது. யார் வந்தால் இறக்குமதி வரியை ஏற்றுவார்கள், யார் வந்தால் நம் பிள்ளைகளுக்கு விசா கிடைக்கும் என்று பட்டுக்கடை முதலாளிகளும் நெசவாளர்களும் காலையிலேயே கட்சி பிரிந்து நிற்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அன்றிலிருந்து அதிபர் தேர்தல் இரண்டாம் பட்சமாகிவிட்டது.

அக்கா நர்ஸ். அமெரிக்கா போய்ப் பல வருஷம் ஆகிறது. அங்கே குடியுரிமையும் வாங்கிவிட்டாள். ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர், பாதி வருஷம் பனி. மாமாவுக்குப் பக்கத்து நகரத்தில் வேலை. காரை எடுத்துக்கொண்டு விடியும் முன்பே கிளம்பிவிடுவார். அக்காவுக்குக் கார் ஓட்ட வராது. ஓட்டுநர் தேர்வுக்குப் போன ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றை இடித்துவிட்டு வந்தாள். அதனால் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில்தான் போவாள். அந்த ஊரில் இருந்ததே ஒரே ஒரு பஸ் தடம். குடியிருப்புகளில் கிளம்பி, கல்லூரி வழியாக ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும். கூட்டம் இல்லை, நஷ்டம் என்று சொல்லி நகர சபை அதை நிறுத்தப் பார்த்தது. அக்கா நகர சபைக் கூட்டத்துக்குப் போய் மைக் முன்னால் நின்று கேள்வி கேட்டிருக்கிறாள். அதைப் பார்த்த நாலு பேர், "நீயே நில்லேன்" என்று கிளப்பிவிட்டார்கள்.

நாலு பேர் கிளப்பிவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு என்று வந்தபோது நானும் சுயேச்சையாக நின்றிருக்கிறேன். குடிதண்ணீர்க் குழாய்க்காக நான் போட்ட சண்டையைப் பார்த்துத் தெருவே ஏற்றிவிட்டது. டெபாசிட் போனது. ஆனாலும் பிரசாரம் நடந்த அத்தனை நாளும் எனக்குப் பசியே எடுக்கவில்லை, அவ்வளவு குஷி. அந்தக் குஷி இப்போது அக்காவின் குரலில் கேட்டது. அது எனக்கும் உடனே தொற்றிக்கொண்டது.

"எந்தக் கட்சி?" என்று கேட்டார் அப்பா, தறிக்குழியில் உட்கார்ந்தபடியே. அப்பா இன்றைக்கும் தினமும் தறியில் உட்காருபவர். அரசியல் என்றால் ஊடை ஓட்டும் நாடாவைக் கீழே வைத்துவிட்டுப் பேசுவார்.

"கட்சியே இல்லியாம்பா. அந்த ஊரு கவுன்சிலர் எலெக்‌ஷனுக்குக் கட்சி கிடையாதாம்."

"சின்னம்?"

"அதுவும் கிடையாது. பேர் மட்டும்தான்."

அப்பாவால் அதை ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. "சின்னம் இல்லாம ஜனங்க எதைப் பாத்துமா குத்துவாங்க? இன்னா ஊருமா அது?"

ஜெயிக்கும் வழியை நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தோம்: அப்பா, நான், கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடும் என் வீட்டுக்காரர். ஆட்டோவில் மைக் கட்டு என்றேன். அங்கே அப்படிக் கத்தினால் போலீஸ் வருமாம். வீட்டுக்கு வீடு ஏதாவது கொடு என்றார் அப்பா. அக்கா பதறிப்போனாள். "அப்பா, அந்த வார்த்தையை போன்ல கூடச் சொல்லாதீங்க!" பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஓட்டுக் கேள், தனியாகத் தெரிவாய் என்றேன். "நான் பஸ்ஸைப் பத்திப் பேசப் போறேன்டி, புடவையைப் பத்தி இல்ல," என்று அதையும் தள்ளிவிட்டாள்.

கடைசியில் என் வீட்டுக்காரர் சொன்னது ஒன்றுதான் எடுபட்டது. அங்கே வேட்பாளர் பெயர் போட்ட சின்னப் பலகைகளை வீட்டுக்காரர்களின் அனுமதியோடு புல்தரையில் நட்டுவைப்பார்கள். அந்தப் பலகையை நான் வரைகிறேன் என்றார். அரக்கு நிறத்தில் தளம், மாம்பழ மஞ்சளில் அக்காவின் பெயர், நடுவில் ஒரு பஸ், அடியில் நம் புடவையில் வருகிற கோபுர பார்டர். "பஸ்ஸுக்கும் கோபுரத்துக்கும் இன்னாங்க சம்பந்தம்?" என்று கேட்டேன். "பார்டர் இல்லாம எனக்கு முடிக்க வராதுமா," என்றார். பலகையைப் பார்த்த அக்காவின் தோழிகள், அடியில் இருப்பது மரம் அறுக்கிற வாளின் பற்களா என்று கேட்டார்களாம். ஆனால் தெருவின் அந்தக் கோடியிலிருந்தே கண்ணில் படுகிறது என்று எல்லோரும் கேட்டு வாங்கி நட்டுக்கொண்டார்கள்.

அக்கா தினமும் வேலை முடிந்து கதவு கதவாகத் தட்டினாள். நடந்துகொண்டே வீடியோவில் எங்களைக் கூப்பிடுவாள். இங்கே விடிந்துகொண்டிருக்கும், அங்கே பொழுது சாய்ந்துகொண்டிருக்கும். நாய் குரைத்தால் நாங்களும் இங்கே பின்வாங்குவோம். பாதிக் கதவுகள் திறக்கவே திறக்காது. திறந்தவர்களில் சிலர் நின்று பேசுவார்கள், சிலர் வரியைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துவார்கள்.

ஒருநாள் ஒரு கதவைத் தட்டியிருக்கிறாள். வயதான அம்மா ஒருவர் திறந்தார். அக்கா தன் பேச்சை முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு, "உள்ளே வா, என் கணவருக்கும் இதைக் கேட்க ஆசையாக இருக்கும்," என்றார். உள்ளே போனால் அங்கே உட்கார்ந்திருந்தது அக்காவை எதிர்த்து நிற்பவர்! பல வருஷமாக அந்த வார்டின் கவுன்சிலராக இருப்பவர், முன்பு ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். எழுந்து கைகொடுத்து, காபி கொடுத்து, "நன்றாகத்தான் பேசுகிறாய், ஆனால் பணம் எங்கிருந்து வரும் என்பதை மட்டும் சொல்லவில்லை," என்றாராம்.

"எதிராளி வீட்ல போயி காபி குடிச்சியா?" அப்பா போனுக்குள் புகுந்துவிடுவார்போல இருந்தது.

"குடிச்சேன்பா. நல்லாவே இருந்துச்சு."

"இன்னாமா இது, நம்பவே முடியலியே," என்று சொல்லிக்கொண்டே தறிக்குப் போனவர், அன்று முழுக்க வந்தவர் போனவரிடமெல்லாம் அந்தக் காபிக் கதையைச் சொன்னார்.

பிரசாரத்தின் நடுவில்தான் அக்காவுக்குப் பெரிய விஷயம் ஒன்று பிடிபட்டது. "பஸ்ஸை நம்பிக்கினு இருக்கறவங்க கிட்டயே முதல்ல போ, ஸ்டாப்பிங்ல நில்லு," என்று நான் நச்சரித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் நின்றாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள், கடையில் பொருள் அடுக்குகிறவர்கள் எல்லோரும் ஆசையாகத் தலையாட்டினார்கள். ஓட்டு இருக்கிறதா என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் பதிவே செய்யவில்லை.

எனக்குப் புரியவில்லை. "பதிவுன்னா? வீட்டுக்கு வந்து பேரு சேக்க மாட்டாங்களா?"

"வரமாட்டாங்கடி. நாமதான் போயி பதியணும். வீடு மாறினா மறுபடியும் பதியணும். கடைசி நாள் வேற நெருங்கிடுச்சு."

அதன்பிறகு அக்கா ஓட்டுக் கேட்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு இந்த வேலையில் இறங்கினாள். பஸ்ஸுக்குள் பிரசாரம் செய்யக் கூடாது, ஸ்டாப்பிங்கில் நிற்கலாம். வேலைக்குப் போகுமுன் அங்கே நின்று, எப்படிப் பதிவது என்று ஒவ்வொருவருக்கும் அவரவர் போனிலேயே காட்டிக்கொடுத்தாள். யாருக்கு ஓட்டுப் போடுவாய் என்று கேட்கவே இல்லையாம். "கேட்டா என்ன?" என்றேன். "முதல்ல அவங்களுக்கு ஓட்டு வரட்டும்டி," என்றாள். குளிரில் அவள் மூக்கு சிவந்திருந்தது. கண்களில் அப்படி ஒரு வெளிச்சம்.

விவாத மேடை நாள் வந்தது. ஊர் நூலகத்தில் இரண்டு வேட்பாளர்களையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள், இணையத்தில் நேரலையாக வரும். அதற்கு முந்தின வாரம் அக்கா என்னிடம் ஒன்று கேட்டாள்: "நம்ம ஊர்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ் ஓடுதே, அதுல ஏறிப் பேசிப் பாத்து வீடியோ அனுப்பு."

தைத்த ரவிக்கைகளைக் கொடுக்க ஓரிக்கைக்குப் போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் ஏறி போனைத் தூக்கிப் பிடித்தேன். கண்டக்டர் உடனே, "எதுக்குமா வீடியோ?" என்றார்.

"அமெரிக்காவுல காட்டணும்."

"அங்கியும் ஓசி பஸ் உட்றாங்களா?"

அவ்வளவுதான், என் பின்னால் கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரம்மா பிடித்துக்கொண்டார். "ஓசி இன்னாப்பா ஓசி? சோப்பு வாங்கினா வரி, எண்ணெ வாங்கினா வரி. நாங்க குடுத்த துட்லதான் இந்த பஸ்ஸே ஓடிக்கினு இருக்குது."

முன்பக்கம் நின்றிருந்த ஆள் திரும்பினார். "நானும்தாமா வரி கட்றேன். எனக்கு மட்டும் டிக்கெட்டைக் கிழிச்சிக் குடுத்துக்கினு இருக்கார். இதுக்கு இன்னா பதில் சொல்ற?"

"உம் பொண்டாட்டி மிச்சம் புடிக்கறது உன் வீட்டுக்குத்தான வருது? அதான் பதில்."

பஸ் முழுக்கச் சிரிப்பு. ஆனால் அந்த ஆள் விடவில்லை. இன்னும் நாலு பஸ் விட்டிருக்கலாம் அந்தப் பணத்தில், கிராமத்துக்குச் சாயங்காலத்துக்கு மேல் பஸ்ஸே இல்லை என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மாகறல் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண், "அண்ணன் சொல்றதும் வாஸ்தவம்தான்," என்று அவர் பக்கம் சேர்ந்தாள். நான் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். வாக்குவாதம் அவ்வளவு சூடாக இருந்தது. முழுவதையும் அக்காவுக்கு அனுப்பினேன்.

விவாதம் இங்கே இருட்டு விலகும் நேரத்தில் ஓடியது. போனை டிவியில் இணைத்து உட்கார்ந்தோம். பேசுவது எழுத்தாகவும் கீழே ஓடியதால் எனக்கும் புரிந்தது, அப்பாவுக்கு நான் சொல்லிக்கொண்டே வந்தேன். கருப்புக் கோட்டு போட்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். முதல் கேள்விக்குக் காகிதத்தைப் பார்த்தே படித்தாள். அப்பா வேட்டி நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

எதிராளி நிதானமாகப் பேசினார். எல்லோரும் கேட்கிற கேள்விதான், ஆனால் கேட்ட விதம் நன்றாக இருந்தது. என் வார்டில் ஒரு விதவை அம்மா இருக்கிறார், பஸ்ஸில் ஏறியதே இல்லை, வீட்டு வரி கட்டவே திணறுகிறார், அவரிடம் இன்னும் கொஞ்சம் கொடு என்று நான் எப்படிக் கேட்பேன் என்றார். அந்தத் தேர்தலில் வேட்பாளர் பெயர்களோடு இன்னொரு கேள்வியும் வாக்குச்சீட்டில் இருந்தது. பஸ்ஸைக் காப்பாற்ற வீட்டு வரியைச் சற்று உயர்த்தலாமா, வேண்டாமா என்று மக்களிடமே நேராகக் கேட்டிருந்தார்கள்.

அக்கா காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"என் ஊரில் போன வாரம் ஒரு பஸ்ஸில் இதே சண்டை நடந்தது," என்று தொடங்கினாள். பூக்காரம்மா சொன்னதையும் சொன்னாள், டிக்கெட் வாங்கின ஆள் சொன்னதையும் விடாமல் சொன்னாள். பிறகு, "இந்த பஸ் நின்றால் என்னோடு வருகிறவர்கள் வேலைக்கு வர முடியாது. அவர்கள் வராவிட்டால் உங்கள் அம்மாவைப் படுக்கையிலிருந்து எழுப்பி உட்காரவைக்க ஆள் இல்லை. பஸ்ஸுக்குக் கொடுக்காத பணத்தை நாம் வேறு எங்கோ கொடுக்கத்தான் போகிறோம்," என்றாள். நூலகத்தில் சிலர் கைதட்டினார்கள். நான் குதித்த குதியில் ரிமோட் கீழே விழுந்தது.

"சரி, அந்த விதவை அம்மாவுக்கு என்ன பதில்?" என்று கேள்வி கேட்பவர் விடாமல் கேட்டார்.

அக்கா கவிழ்த்து வைத்த காகிதத்தை மேசை ஓரத்துக்குத் தள்ளினாள். பிறகு சொன்னாள்: "இப்போது எனக்குத் தெரியவில்லை. அவர்மேல் சுமை ஏறாதபடி ஒரு வழி தேட வேண்டும். இன்று என்னிடம் அது இல்லை."

மேடையில் உட்கார்ந்து எந்த வேட்பாளராவது தெரியவில்லை என்று சொல்வார்களா?

"போச்சு," என்றார் என் வீட்டுக்காரர்.

அப்பா மட்டும் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியலன்றத தெரியலன்னுதான சொல்லணும்? பொய்யா சொல்லச் சொல்ற?" என்று அவர்மேல் எரிந்து விழுந்தார். அன்று பகலெல்லாம் எனக்குத் தையல் ஓடவில்லை. மாலையில் அக்கா கூப்பிட்டு, தெரியாத ஆட்கள்கூட இரண்டு மூன்று பேர் வழியில் நிறுத்தி, அந்த ஒரு பதிலுக்காகவே உனக்கு ஓட்டுப் போடுகிறேன் என்று சொன்னதாகச் சொன்னாள். அதை நம்பலாமா என்று எனக்குள் உதைத்துக்கொண்டே இருந்தது. என் தேர்தலிலும் நிறையப் பேர் அப்படித்தான் சொன்னார்கள்.

வாக்குப்பதிவு நாளில் அப்பா ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போனார், நானும் கூடப் போனேன். அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொன்னார். "என்ன விசேஷம்?" என்றார் குருக்கள்.

"எலெக்‌ஷன்ல நிக்கிறா சாமி."

"இப்ப ஏது எலெக்‌ஷன்? எந்த வார்டு?"

"அமெரிக்காவுல சாமி."

குருக்கள் கையில் தட்டோடு கிட்டே வந்தார். "பெரிய பதவிக்கா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அப்பாவுக்கு இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. "ஏதோ சாமி புண்ணியத்துல," என்று மழுப்பிவிட்டார். வெளியே வந்ததும் நான் சிரித்த சிரிப்பில் கோபுரத்துப் புறாக்கள் எழுந்து பறந்தன.

மறுநாள் காலை. அங்கே ஓட்டு எண்ணத் தொடங்கியபோது இங்கே பால்காரர் வந்துவிட்டுப் போயிருந்தார். தெருவில் எல்லா வீட்டு டிவியிலும் அதிபர் தேர்தல் வரைபடம். எங்கள் வீட்டில் மட்டும் டிவியை அணைத்துவிட்டு, அந்த மாவட்டத்தின் தேர்தல் பக்கத்தை என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் திறந்து வைத்திருந்தார். விஷயம் தெருவுக்கே தெரியும் என்பதால் வாசலில் ஒவ்வொருவராகக் கூடிவிட்டார்கள். எதிர்வீட்டுத் தறியும் நின்றது.

"வந்துச்சா?"

"இன்னும் இல்ல, இருங்க."

அவர் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். முதல் எண்கள் வந்தன. அக்கா பின்தங்கியிருந்தாள், அதுவும் நிறைய. வாசலில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். எனக்கு என் தேர்தலின் எண்ணிக்கை அறையில் நின்ற மாதிரியே இருந்தது.

"எல்லாம் எண்ணலமா. ஏரிக்கரை பக்கம் மட்டும்தான் வந்திருக்குது. அங்க பெரிய வீடுங்க," என்றார் அவர். அந்த ஊரின் தெருக்கள் எங்களுக்கு இதற்குள் மனப்பாடம்.

அடுத்தது வந்தது. வித்தியாசம் சுருங்கியிருந்தது. அதற்கடுத்தது கல்லூரிப் பக்கம். திரை மாறியதும் என் வீட்டுக்காரர் எண்ணை விரலால் தொட்டுக் காட்டினார். அக்கா முன்னால் போயிருந்தாள்!

வாசலில் விசில் பறந்தது. அப்பா, "இருங்கப்பா, இருங்கப்பா," என்று இரண்டு கையையும் விரித்து எல்லோரையும் அடக்கினார். ஆனால் அவர் முகம்தான் எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

அடக்கியது நல்லதாகப் போயிற்று. ஒரு ஸ்டாப்பிங்கில் ஏறுகிற கூட்டம் அளவுக்குத்தான் முன்னிலை, தபால் ஓட்டு இன்னும் பாக்கி இருக்கிறது. அதற்கு முன்பே இன்னொரு முடிவு வந்துவிட்டது. வரி உயர்வு வேண்டாம் என்று மக்கள் சொல்லிவிட்டார்கள், சந்தேகத்துக்கே இடமில்லாமல்.

அக்கா வீடியோவில் வந்தாள். தோழி ஒருத்தியின் வீடு, பின்னால் ஆட்கள், மேசையில் பாதி தின்ற பீட்சா. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "பஸ் போச்சுடி," என்றாள். "நான் ஜெயிச்சாலும் பஸ் போச்சு."

"நீ முன்னால இருக்கற இல்ல?"

"இருக்கேன். ஆனா எனக்குக் குத்தின கையே அதுக்கு வேணாம்னு குத்தியிருக்கு, பாத்தியா?"

அப்பா போனை என் கையிலிருந்து வாங்கினார். "உன்னைப் புடிச்சிருக்குது, வரியத்தான் புடிக்கல. அது வேற, இது வேற. போயி தூங்குமா," என்றார்.

தபால் ஓட்டு எண்ணி முடியச் சில நாட்கள் ஆயின. அதற்குள் யார் அதிபர் என்று உலகத்துக்கே தெரிந்துவிட்டது. டீக்கடையில் இறக்குமதி வரிச் சண்டை புதிதாகத் தொடங்கிவிட்டது. எங்களுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. ஒருநாள் காலை ஒரு அம்மாவுக்குக் கழுத்து அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"ஜெயிச்சிட்டேன்டி!"

நான் டேப்பை அந்த அம்மாவின் தோளிலேயே போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். "அக்கா ஜெயிச்சிட்டா! அக்கா ஜெயிச்சிட்டா!" எதிர்வீட்டுக்காரர் தறியைவிட்டு எழுந்து வந்தார். எங்கிருந்தோ ஒரு சரவெடி வந்தது. தீபாவளி முடிந்து மிச்சம் வைத்திருந்தது போல. ஒரு டவுன் பஸ்ஸில் நெருக்கி ஏற்றினால் அடங்கிவிடும் அளவுக்குத்தான் வித்தியாசம். அதுகூட வேண்டாம், ஒரே ஒரு ஓட்டு என்றாலும் நான் அப்படித்தான் கத்தியிருப்பேன். அளவு எடுக்க வந்த அம்மாவும் டேப்போடு வெளியே வந்து கைதட்டினார். அப்பா எல்லோருக்கும் காபி வாங்கிவரச் சொன்னார். எதிராளி அக்காவுக்கு அதற்கு முன்பே போன் செய்து வாழ்த்திவிட்டாராம்.

ஜனவரியில் அக்கா பதவி ஏற்றாள். முதல் கூட்டத்தில் பஸ்ஸை நிறுத்தும் தீர்மானம் வந்தது. அதையும் நேரலையில் பார்த்தோம். மக்கள் வரி வேண்டாம் என்று சொன்னதை நான் மீற முடியாது என்று அக்கா முதலிலேயே சொல்லிவிட்டாள். இந்த இரண்டு மாதமும் அவள் ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் பின்னாலும் கல்லூரியின் பின்னாலும் அலைந்திருக்கிறாள். பஸ்ஸால் பிழைப்பது அவர்களும்தான், செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறாள். இரண்டு இடத்திலும் பாதி மனதோடு சரி சொல்லியிருந்தார்கள். அந்தப் பணம் நாள் முழுக்க ஓட்டப் பத்தாது. காலையும் மாலையும் மட்டும் ஓட்டினால் சரிக்கட்டிவிடலாம்.

பொதுமக்கள் பேசும் நேரம் வந்தபோது மைக் முன்னால் வந்து நின்றது அக்காவிடம் தோற்றவர். என் வீட்டில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்தோம்.

"பணம் எங்கிருந்து வரும் என்று நான் கேட்டேன். அவர் பதிலோடு வந்திருக்கிறார். நடுப்பகலில் பஸ் இல்லாமல் என் மனைவி என்னைத் திட்டப்போகிறாள். ஆனாலும் ஒரு வருஷம் இதை ஓட்டிப் பார்க்கலாம்," என்றார்.

ஓட்டெடுப்பு நடந்தது. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட, ஆம், இல்லை என்றார்கள். அக்காவின் முறை வந்தபோது அவள் 'இல்லை' சொன்ன வேகத்தில் பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். தீர்மானம் தோற்றது, பஸ் தப்பியது. பாதி பஸ்தான், நடுப்பகலில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வயதானவர்களுக்கு வழி இல்லை. அந்தக் குறை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அன்றைக்கு எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. அப்பா எழுந்து நின்று கைதட்டினார்.

அதன்பிறகு அக்காவோடு நிம்மதியாகப் பேசவே முடிவதில்லை. போன வாரம் ஒருநாள் அப்பா அவளிடம், நகர சபையில் உனக்கு நாற்காலி எந்தப் பக்கம், மைக் தனியாக இருக்கிறதா, முதல்வர் மாதிரி யாராவது வந்து பார்ப்பார்களா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். நடுவில் அவளுடைய இன்னொரு போன் அடித்தது. எடுத்து இங்கிலீஷில் ஏதோ பேசினாள். சரி, சரி, இப்போதே விசாரிக்கிறேன் என்கிற தொனி.

"யாருமா?" என்றார் அப்பா.

"வார்டுல ஒருத்தர்பா. அவங்க தெருவுல மட்டும் பனி அள்ள வண்டி வரலியாம். கன்னாபின்னான்னு கத்தறார். நான் வச்சிடறேன், அப்புறமா பேசறேன்," என்று எழுந்து பூட்ஸை மாட்டிக்கொண்டே எங்களைத் துண்டித்தாள்.

அப்பா அணைந்த போனை வேட்டியில் துடைத்து வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, முகமெல்லாம் பூரிப்போடு சொன்னார்: "பாத்தியா? திட்ட ஆரம்பிச்சிட்டாங்க. இப்பதான்மா அவ கவுன்சிலரு."